12 மீட்டர் குன்றில் தடுக்கி விழுந்த கணக்குகள்

டென்மார்க்கில் ரோஸ்கில்ட் நகரத்துக்குப் பக்கத்தில், கடல் நிலத்துக்குள் நுழைந்து கிடக்கும் ஒரு கழியின் ஓரத்தில், போலுண்ட் என்று ஒரு குன்று இருக்கிறது. குன்று என்று சொல்வதே மரியாதைக்குத்தான். உயரம் 12 மீட்டர். நம் ஊர் மூன்று மாடி வீட்டின் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி அதைவிட உயரத்தில் இருக்கக்கூடும். நீளம் 130 மீட்டர், அகலம் 75 மீட்டர். மரம் இல்லை, கட்டடம் இல்லை, வெறும் புல். ஒரே ஒரு விசேஷம்: மேற்குப் பக்கம் மட்டும் மண்வெட்டியால் கொத்தி எடுத்தது போலச் செங்குத்தாக இறங்கி நீரோரத்தில் முடிகிறது.

2007 கடைசியிலும் 2008 தொடக்கத்திலும், காற்றாற்றலை ஆராயும் ரிஸோ ஆய்வுக்கூடத்துக்காரர்கள் இந்தக் குன்றைச் சுற்றிலும் மேலேயும் பத்துக் கம்பங்களை நட்டு, காற்றுமானிகளைக் கட்டி, வீசுகிற காற்றைப் பதிவு செய்தார்கள். பதிவானதை வெளியே விடவில்லை. மாறாக, உலகெங்கும் கணினியில் காற்றோட்டத்தைக் கணிக்கிறவர்களுக்கு ஓர் அழைப்பு விடுத்தார்கள். குன்றின் வடிவம் இது, நீர்ப்பரப்பின் மேல் வருகிற காற்று இன்ன மாதிரி, புல்லின் சொரசொரப்பு இவ்வளவு. மற்றதை நீங்களே கணக்கிட்டு அனுப்புங்கள் என்றார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்ட விடைகள் வந்தன. சிலர் காற்றுச் சுரங்கத்திலும் நீர்த்தொட்டியிலும் குன்றின் பொம்மையை வைத்துச் சோதித்தும் அனுப்பினார்கள். 2009இல் எல்லோரையும் கூட்டி உட்காரவைத்து விடைத்தாளைத் திறந்தார்கள்.

விடைகள் ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் சிதறிக் கிடந்தன. முப்பரிமாணக் கணக்கை முழுமையாகப் போட்ட நல்ல முறைகளே காற்றின் வேகத்தில் சராசரியாக ஏறக்குறைய 15 சதவீதம் தவறின. சமன்பாடுகளைச் சுருக்கி வேகமாகக் கணக்கிடும் பழைய முறைகள் இன்னும் மோசம். 15 சதவீதம்தானே என்று தோன்றலாம். காற்றிலிருந்து கிடைக்கும் ஆற்றல் வேகத்தின் முப்படியாக ஏறுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் எட்டு மடங்கு. அப்படியானால் வேகத்தில் 15 சதவீதம் கூடுதலாகச் சொன்னவர், ஆற்றலில் பாதிக்குப் பாதி கூடுதலாகச் சொல்லிவிட்டார். வங்கியில் கடன் வாங்கிக் காற்றாலை நடுகிறவருக்கு அது சின்ன விஷயம் இல்லை.

விமானத்தின் இறக்கை மீது ஓடும் காற்றைக் கணினி நன்றாகவே கணக்கிடுகிறது. கார் நிறுவனங்கள் அதை நம்பித்தான் வண்டிகளை வடிவமைக்கின்றன. மூன்று மாடி உயரக் குன்றுக்கு மட்டும் ஏன் இத்தனை தடுமாற்றம்? என் பார்வையில், காற்றைக் கணக்கிடுவது ஒரு சிக்கல் என்றால், அந்தக் காற்றுக்குத் தரை என்றால் என்ன என்று கணினிக்குச் சொல்லிக்கொடுப்பது அதைவிடப் பெரிய சிக்கல்.

வீட்டு மின்விசிறியைத் துடைத்திருப்பவர்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும். நிமிடத்துக்கு முந்நூறு சுற்றுச் சுற்றுகிற இறக்கையில் எப்படித் தூசி ஒட்டுகிறது, காற்று அதை அடித்துக்கொண்டு போக வேண்டாமா? இறக்கையைத் தொடுகிற காற்று இறக்கையோடு ஒட்டிக்கொண்டே சுற்றுகிறது என்பதுதான் விடை. மேற்பரப்பை ஒட்டிய மெல்லிய படலத்தில், அந்தப் பரப்பைப் பொறுத்தவரை, காற்று அசைவதே இல்லை. பூமியிலும் அப்படித்தான். மண்ணைத் தொடும் காற்று நிற்கிறது. அதற்கு மேலுள்ள காற்று அதில் இழுபட்டு மெதுவாகப் போகிறது. அதற்கு மேலே இன்னும் சற்று வேகமாக. இப்படித் தரையின் பிடி எட்டுகிற உயரம்வரை உள்ள காற்றைத்தான் எல்லைப் படலம் என்கிறார்கள். பகலில் ஒன்று, இரண்டு கிலோமீட்டர்வரை போகும். இரவில் நூறு, இருநூறு மீட்டருக்குள் சுருங்கிவிடும். நாம் வாழ்வதும் காற்றாலை சுற்றுவதும் புகை பரவுவதும் எல்லாம் இதற்குள்ளேதான்.

தரை எவ்வளவு பிடிக்கிறது என்பதை ஒரே எண்ணில் அடக்கியிருக்கிறார்கள். சொரசொரப்பு நீளம் என்று அதற்குப் பெயர். அமைதியான நீருக்கு ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு, புல்தரைக்கு ஓரிரு சென்டிமீட்டர், நெருக்கமான நகரத்துக்கு ஒரு மீட்டரும் அதற்கு மேலும். புல்லின் உயரமோ கட்டடத்தின் உயரமோ அல்ல இது. அவை அனைத்தும் சேர்ந்து காற்றை எவ்வளவு தடுக்கின்றன என்பதற்கான ஒட்டுமொத்த மதிப்பெண் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த எண்ணின் கனத்தை ஒரு கணக்கில் பார்ப்போம். ஓர் இடத்தில் 10 மீட்டர் உயரத்தில் காற்றுமானி வைத்து, நொடிக்கு 6 மீட்டர் என்று அளந்திருக்கிறோம். 80 மீட்டர் உயரத்தில் எவ்வளவு இருக்கும்? வேகம் உயரத்தின் மடக்கையை ஒட்டி ஏறுகிறது என்பது பாடநூல் விதி. சுற்றியுள்ள நிலத்தைத் திறந்த வெளி என்று கொண்டு 3 சென்டிமீட்டர் போட்டால், விடை நொடிக்கு 8.1 மீட்டர். ‘இல்லை, அங்கங்கே மரமும் வேலியும் இருக்கிறது’ என்று இன்னொருவர் 30 சென்டிமீட்டர் போட்டால், 9.6 மீட்டர். அதே இடம், அதே கருவி, அதே அளவு. ஆற்றலாக மாற்றினால் இரண்டாமவர் முதலாமவரைவிட 60 சதவீதம் கூடுதலாகச் சொல்கிறார். இத்தனைக்கும் இருவரும் இன்னும் கணினியைத் திறக்கவே இல்லை.

இனிக் கணினிக்கு வருவோம். காற்று எப்படி ஓடும் என்பதற்கான சமன்பாடுகள் 19ஆம் நூற்றாண்டிலேயே எழுதப்பட்டுவிட்டன. நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாடுகள் என்று பெயர். அவற்றில் ரகசியம் எதுவும் இல்லை. காற்று வெளியைச் சின்னச் சின்னப் பெட்டிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பெட்டியிலும் வேகத்தையும் அழுத்தத்தையும் கணக்கிட்டுக்கொண்டே போக வேண்டும், அவ்வளவுதான். ஆனால் பெட்டி எவ்வளவு சிறியதாக இருக்க வேண்டும்? காற்றில் பெரிய சுழல் உடைந்து சிறிய சுழலாகிறது, அது உடைந்து இன்னும் சிறியதாகிறது. கடைசியில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு வந்து, உராய்வில் வெப்பமாகிக் கரைகிறது. எல்லாச் சுழலையும் பிடிக்க வேண்டுமென்றால் பெட்டியும் மில்லிமீட்டர் அளவில் இருந்தாக வேண்டும். ஒரு கிலோமீட்டர் நீள, அகல, உயரத்துக்கு மில்லிமீட்டர்ப் பெட்டிகள் என்றால் ஒன்றுக்குப் பின் 18 பூஜ்யம். அந்த மாதிரிக் கணினி எங்கும் இல்லை.

அதனால் சமரசம். ஒரு வழி, சுழல்களைப் பற்றிக் கவலைப்படாமல் சராசரிக் காற்றை மட்டும் கணக்கிடுவது. சுழல்கள் செய்கிற வேலையை, அதாவது மேலுள்ள வேகத்தைக் கீழே கொண்டுவந்து கலக்குவதை, இரண்டு கூடுதல் சமன்பாடுகளால் ஈடுகட்டுவார்கள். 1970களின் தொடக்கத்தில் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் உருவெடுத்த முறை இது. அதில் சில மாறிலிகள் உண்டு. அவற்றில் ஒன்று 0.09. இயற்கை விதியிலிருந்து பிறந்த எண் அல்ல, ஆய்வக ஓட்டங்களுக்குப் பொருந்தும்படி பார்த்துத் தேர்ந்த எண். வெட்டவெளிக் காற்றுக்கு அது சரிவராது என்று பலர் அதை 0.03 அளவுக்குக் குறைத்துப் போடுவார்கள். சமையலில் உப்பைப் போல, கை அளவு ஆளுக்கு ஆள் மாறும்.

இன்னொரு வழி, பெரிய சுழல்களை மட்டும் அப்படியே கணக்கிட்டு, பெட்டிக்குள் அடங்கிப்போகும் சின்னச் சுழல்களை ஊகத்துக்கு விடுவது. அமெரிக்காவில் ஜேம்ஸ் டியர்டார்ஃப் 1970இல் ஒரு கால்வாய் ஓட்டத்தை இப்படிக் கணக்கிட்டபோது அவரிடம் இருந்தவை 6,720 பெட்டிகள். இன்றைக்கு அதே முறையில் கோடிக்கணக்கான பெட்டிகள் சாதாரணம். சராசரி முறையில் கிடைப்பது ஒரு நிழற்படம் என்றால், இதில் கிடைப்பது ஓடுகிற படம். செலவும் அதற்குத் தக்கபடிதான்.

சராசரி எந்த இடத்தில் ஏமாற்றும் என்பதற்குக் கணினிக் காலத்துக்கு முந்தைய ஒரு சம்பவம் உண்டு. இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியில் ஃபெரிபிரிட்ஜ் அனல் மின்நிலையத்தில் எட்டுக் குளிர்விப்புக் கோபுரங்கள் நின்றன. ஒவ்வொன்றும் 114 மீட்டர் உயரம். 1965 நவம்பர் 1 அன்று அடித்த பெருங்காற்றில் மூன்று கோபுரங்கள் சரிந்தன. சரிந்தவை காற்றை நேராக வாங்கிய முன்வரிசைக் கோபுரங்கள் அல்ல. அவற்றுக்குப் பின்னால் ஒளிந்து நின்ற பின்வரிசைக் கோபுரங்கள். வடிவமைப்பில் ஒரு நிமிடச் சராசரி வேகத்தை வைத்துக் கணக்குப் போட்டிருந்தார்கள். சில நொடிகளே நீடிக்கும் வீச்சு அதைவிட எவ்வளவோ கடுமையானது. சோதனையையும் ஒற்றைக் கோபுரத்தை வைத்துச் செய்திருந்தார்கள்; முன்வரிசைக் கோபுரங்களின் இடுக்கில் நுழைந்து சுழன்று வந்த காற்று பின்வரிசையை எப்படி அடிக்கும் என்று பார்த்திருக்கவில்லை. பலமான காற்றில் சுவருக்குப் பின்னால் ஒதுங்கிய யாருக்கும் தெரியும்: வேகம் குறையும், ஆனால் துண்டும் வேட்டியும் இன்னும் கன்னாபின்னாவென்று அடித்துக்கொள்ளும்.

அப்படியானால் போலுண்டில் ஓடும் படக்காரர்கள் நிழற்படக்காரர்களை வென்றிருக்க வேண்டும். நடந்தது அதுவல்ல. முதல் பத்து இடங்களைப் பிடித்தவை சராசரி முறையில் இரண்டு சமன்பாடு சேர்த்துப் போட்ட கணக்குகளே. இது பலருக்கு அதிர்ச்சி. ஆனால் காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். ஓடும் படத்துக்கு, உள்ளே நுழைகிற காற்றையும் ஓடும் படமாகவே கொடுக்க வேண்டும். சரியான அளவில், சரியான அடுக்கில் சுழல்கள் கலந்து வர வேண்டும். கடலின் மேல் பல கிலோமீட்டர் தவழ்ந்து வருகிற காற்றை இரவல் வாங்கிக் கணினியின் வாசலில் நிறுத்துவது லேசான காரியம் இல்லை. வாசலில் பிழை செய்தால் உள்ளே எத்தனை கோடிப் பெட்டி இருந்தும் பயனில்லை.

செங்குத்து விளிம்புதான் எல்லோரையும் வீழ்த்திய இடம். அங்கே ஒரு கம்பத்தில் 2 மீட்டரிலும் 5 மீட்டரிலும் கருவிகள் இருந்தன. மேற்கிலிருந்து நீரைத் தடவி வரும் காற்று சுவரில் முட்டி மேலேறி விளிம்பைத் தாண்டும்போது, 5 மீட்டர் உயரத்தில் அது விரைகிறது. அதே கம்பத்தில் மூன்று மீட்டர் கீழே, காற்று தரையிலிருந்து பிய்ந்து, திணறி, சுழன்று கிடக்கிறது. சராசரி வேகம் குறைந்துபோகிறது, கொந்தளிப்பு தலைக்கேறுகிறது. கையெட்டும் தூரத்தில் இரண்டு வேறு உலகங்கள். உங்கள் பெட்டியின் உயரம் இரண்டு மீட்டர் என்றால் இந்த மாற்றம் முழுவதும் ஒன்றிரண்டு பெட்டிக்குள் முடிந்துவிடும். குன்றின் வரைபடத்தைக் கணினிக்குள் ஏற்றும்போது அந்த விளிம்பைக் கொஞ்சம் மழுக்கிவிட்டாலும் போயிற்று. ஒரே வகை முறையைக் கையாண்டவர்களே ஒருவரோடொருவர் ஒத்துப்போகவில்லை என்பதற்கு இந்த மாதிரிக் கைவேலை வித்தியாசங்கள்தான் பெரிய காரணம்.

போலுண்டுக்கு முன்னால் இந்தத் துறைக்கு இருந்த பரீட்சைத்தாள் ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் உள்ள ஆஸ்கர்வெய்ன் குன்று. 116 மீட்டர் உயரம், வழவழப்பான சரிவு. 1982, 1983ஆம் ஆண்டுகளில் ஐம்பதுக்கும் மேற்பட்ட கம்பங்களை வைத்து அளந்தார்கள். உச்சியில் 10 மீட்டர் உயரத்தில் காற்று அடிவாரத்தைப் போல ஏறக்குறைய 1.8 மடங்கு. காற்றைப் பார்த்த முகத்தில் எல்லாக் கணக்குகளும் நன்றாகவே பொருந்தின. முதுகுப் பக்கத்தில்தான் பிரிந்தன. சிக்கல் என்னவென்றால், விடை எல்லோருக்கும் தெரியும். இருபத்தைந்து ஆண்டுகளாக ஒவ்வொரு புது மென்பொருளும் ஆஸ்கர்வெய்னில் ‘தேறியது’. கேள்வித்தாள் வெளியான பரீட்சையில் எல்லோரும் முதல் வகுப்பு வாங்குவதில் என்ன வியப்பு? போலுண்டில் விடையை மறைத்து வைத்ததன் அருமை அதுதான்.

இதுவரை சொன்னதில் வெயிலே வரவில்லை. வந்தால் கணக்கு இன்னும் சிக்கலாகும். மார்கழி விடியலில் செங்கல் சூளையின் புகையைப் பார்த்திருப்பீர்கள். கொஞ்சம் மேலே ஏறி, யாரோ பலகை வைத்துத் தடுத்தது போல நின்று, வயலின் மேல் தட்டையாகப் படர்ந்து கிடக்கும். பத்து மணிக்குள் அதே புகை குதித்துக் குதித்து மேலேறிக் கலைந்துவிடும். இரவில் தரை குளிர்ந்து, கனமான குளிர்காற்று கீழே தங்கிவிடுகிறது; மேல்காற்றும் கீழ்க்காற்றும் கலப்பதில்லை. பகலில் சூடான தரையிலிருந்து காற்று குமிழ் குமிழாகக் கிளம்பி எல்லாவற்றையும் கலக்கிவிடுகிறது. காற்றாலையைப் பொறுத்தவரை இதில் ஒரு வேடிக்கை உண்டு. இரவில் தரையின் பிடியிலிருந்து விடுபட்ட மேல்காற்று நூறு, இருநூறு மீட்டர் உயரத்தில் பகலைவிட வேகமாக ஓடும். கீழே நம் வீட்டு வேப்பமரம் இலைகூட அசைக்காது. மேலே சொன்ன மடக்கைக் கணக்கு வெப்பத்தின் கை ஓங்காத நேரத்துக்கு மட்டும் பொருந்தும். போலுண்டில் பலமான காற்றடித்த நேரங்களையே தேர்ந்தெடுத்து இந்தத் தொல்லையை ஒதுக்கிவைத்தார்கள்.

நிஜத்தில் ஒதுக்கிவைக்க முடியாது. வெப்பத்தையும் பருவக்காற்றையும் அறிந்தது, வானிலையைக் கணிக்கும் கணினி மாதிரி. அதன் பெட்டி கிலோமீட்டர்க் கணக்கில் இருக்கும். குன்றையும் விளிம்பையும் அறிந்தது உள்ளூர்க் கணக்கு. அதன் பெட்டி மீட்டர்க் கணக்கில். ஒன்றின் விடையை மற்றதன் வாசலில் கொடுத்து இரண்டையும் கோர்க்கப் பார்க்கிறார்கள். இடையில், நூறு மீட்டருக்கும் ஒரு கிலோமீட்டருக்கும் நடுவில், இரண்டும்கெட்டான் பிரதேசம் ஒன்று இருக்கிறது. எல்லாச் சுழலையும் ஊகத்துக்கு விடுவதற்குப் பெட்டி போதிய அளவு பெரியதும் அல்ல, பெரிய சுழலைப் பிடிக்கப் போதிய அளவு சிறியதும் அல்ல. ஜான் விங்கார்ட் என்ற அமெரிக்க அறிஞர் 2004இல் இதற்கு ‘அறியாத நிலம்’ என்றே பெயர் வைத்தார். அதைக் கடப்பதற்கான வழிகளை இன்றும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். 2017இல் போர்ச்சுகலின் பெர்டிகாவ் என்ற இடத்தில், இணையாக ஓடும் இரண்டு மலைத்தொடர்களுக்கு நடுவில் நூறு மீட்டர்க் கம்பங்களும் லேசர்க் கருவிகளுமாக ஒரு பெரும்படையே இறங்கி அளந்தது இந்தத் தேடலின் ஒரு பகுதிதான்.

நமக்குப் பக்கத்தில் இந்தச் சிக்கல்கள் எல்லாம் ஒன்றாகக் கூடும் இடம் ஆரல்வாய்மொழிக் கணவாய். மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே முடியப்போகிற இடத்தில் விழுந்த இடைவெளி அது. தென்மேற்குப் பருவக்காற்று மலையில் முட்டி, ஏற முடிந்தது ஏறி, மற்றது இந்த வாசலில் நெருக்கியடித்துக்கொண்டு கிழக்கே பாய்கிறது. ஆனியிலும் ஆடியிலும் நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முப்பந்தல் தாண்டியதும் பஸ்ஸே ஒருபக்கமாகச் சாய்வது போலத் தோன்றும். தமிழ்நாட்டில் காற்றாலைகள் 1986இல் தூத்துக்குடிப் பக்கம் முள்ளக்காட்டில் தொடங்கின. சில ஆண்டுகளிலேயே இந்தக் கணவாயின் முகப்பு காற்றாலைக் காடாகிவிட்டது.

அந்தக் காலத்து எந்திரங்கள் சிறியவை. 30 மீட்டர், 40 மீட்டர் உயரம். அன்றைய அளவைக் கம்பங்களும் அதற்கேற்பத்தான் இருந்தன. இப்போது நல்ல காற்றுள்ள இடத்தையெல்லாம் பழைய எந்திரங்கள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அவற்றைக் கழற்றிவிட்டு 120 மீட்டருக்கு மேல் நிற்கும் பெரிய எந்திரங்களை வைக்கலாம் என்ற பேச்சு பல ஆண்டுகளாக இருக்கிறது. மாநில அரசு 2024இல் அதற்கென ஒரு கொள்கையையும் வெளியிட்டது. ஆனால் 30 மீட்டரில் தெரிந்த காற்றிலிருந்து 120 மீட்டர்க் காற்றுக்கு ஏற வேண்டும். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் தேரியும் வயலும், இடையில் பனையும் உடைமரமும். மழை பெய்து பயிர் நின்றால் ஒரு சொரசொரப்பு, அறுத்துவிட்டால் வேறு. எந்த எண்ணைப் போடுவது?

அதோடு, எந்திரங்கள் ஒன்றுக்கொன்று காற்றைத் திருடுகின்றன. ஒரு காற்றாலை காற்றிலிருந்து ஆற்றலை எடுத்தபின் அதன் முதுகுக்குப் பின்னால் மெலிந்து கலங்கிய காற்று நீண்ட வாலாகப் போகிறது. 2008 பிப்ரவரியில் டென்மார்க்கின் ஹார்ன்ஸ் ரெவ் கடல் காற்றாலைத் தோட்டத்தில் ஈரப்பதம் சரியாக அமைந்த ஒரு காலையில், ஒவ்வொரு எந்திரத்தின் பின்னாலும் இந்த வால் வெண்மூட்டமாகத் திரண்டு நின்றதை ஹெலிகாப்டரிலிருந்து படமெடுத்தார்கள். முன்வரிசையின் வால் பின்வரிசைகளின் மேல் அப்படியே படுத்திருந்தது. அந்த வாலைக் கணக்கிட ரிஸோவின் யென்சன் 1983இல் எழுதிய ஒரு சிறு சூத்திரம், பள்ளிக் கணக்கு அளவுக்கு எளிமையானது, இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. வாலையாவது எல்லோரும் எதிர்பார்த்தார்கள். முகத்துக்கு முன்னாலும் காற்று தயங்குகிறது, தோட்டத்தை நெருங்கும்போதே வேகம் குறைந்துவிடுகிறது என்பதைப் பலர் பொருட்படுத்தவில்லை. 2019இல் கடல் காற்றாலைத் துறையின் பெரிய நிறுவனமான ஓர்ஸ்டெட், இந்த முன்தயக்கத்தையும் வால்களின் தாக்கத்தையும் தாங்கள் குறைத்து மதிப்பிட்டுவிட்டதாக வெளிப்படையாக அறிவித்து, தன் திட்டங்களின் வருமானக் கணிப்பைக் குறைத்துக்கொண்டது.

கணவாய்க்குள் இந்தத் திருட்டு எப்படி நடக்கும் என்பதற்கு, எந்திரங்களையும் மலையையும் பருவக்காற்றையும் ஒரே கணக்கில் போட்டாக வேண்டும். வானிலை மாதிரிகள் அவ்வளவு நுணுக்கமாகப் பார்ப்பதில்லை. பெரிய காற்றாலைத் தோட்டத்தை அவற்றுக்குள் கொண்டுவர முயன்றவர்கள் முதலில் செய்தது, அந்த இடத்துத் தரையின் சொரசொரப்பு எண்ணைக் கூட்டிப் போட்டதுதான். மேலே போகிற காற்றின் கணக்கில் முப்பந்தலின் அத்தனை கோபுரங்களும் அறுத்த வயலில் மிஞ்சிய தாள்கட்டைகள்.